ட்ரெய்லரில் வந்த கார் கேமில் இருக்குமா? ரேசிங் கேமை முன்பதிவு செய்யும் முன் பார்க்க வேண்டியவை

புதிய ரேசிங் கேம் ஒன்றை அறிவித்த அன்றே இரண்டு கேள்விகள் கிளம்பிவிடும். பிடித்த கார் அதில் இருக்குமா? மேடையில் சொன்ன வசதியெல்லாம் முதல் நாளே கைக்கு வருமா? கேம் வெளிவரப் பல மாதங்கள் இருக்கும்போதே இரண்டுக்கும் ஓரளவு நம்பகமான விடையைக் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ரகசியத் தகவல் எதுவும் தேவையில்லை. ட்ரெய்லரின் கடைசிச் சில வினாடிகள், கேமை விற்கும் இணையக் கடைப் பக்கத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்து, அதே தொடரின் பழைய வரலாறு ஆகிய மூன்றையும் பொறுமையாகப் பார்த்தால் போதும்.

எடுத்துக்காட்டுக்கு ஃபோர்ஸா ஹொரைசன் 6ஐ வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோவில் அறிவிக்கப்பட்டது. களம் ஜப்பான். 2026ல் முதலில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கும் பிசிக்கும் வரும், பிளேஸ்டேஷன் 5க்கு (பிஎஸ்5) அதன் பிறகு என்பது அப்போதைய அறிவிப்பு. இங்கே சொல்லும் முறை வேறு எந்த ரேசிங் கேமுக்கும் பொருந்தும்.

உரிமத்தில் என்னென்ன அடங்கும்

காரின் பெயர், லோகோ, உடல் வடிவம் எல்லாமே தயாரிப்பாளரின் சொத்து. கேம் நிறுவனம் ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் தனித்தனியாக ஒப்பந்தம் போட வேண்டும். எந்த மாடல்கள், எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்தத் தளங்களில், காரை எப்படியெல்லாம் காட்டலாம் என்பதை அந்த ஒப்பந்தம் வரையறுக்கிறது. பின்னால் நாம் படும் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றிலிருந்துதான் முளைக்கின்றன.

முதலில் மாடல். ஒரு நிறுவனம் கேமில் இருக்கிறது என்பதால் அதன் எல்லாக் கார்களும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 2017ல் வந்த ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 7லும் 2018ல் வந்த ஃபோர்ஸா ஹொரைசன் 4லும் டொயோட்டாவின் பந்தய வண்டிகளைப் பார்க்க முடிந்தது. சுப்ரா போன்ற சாலைக் கார்கள் வெளியீட்டின்போது இல்லை. பிறகு ஹொரைசன் 4க்கு வந்த புதுப்பிப்பில்தான் சுப்ரா திரும்பியது. அதே காலத்தில் நீட் ஃபார் ஸ்பீட் என்ற தெருப்பந்தயக் கேம் தொடரின் பேபேக், ஹீட் இரண்டிலும் டொயோட்டாவே இல்லை. காரணம் கேட்ட ரசிகருக்கு 2019ல் டொயோட்டாவின் பிரிட்டன் கிளை சமூக வலைத்தளத்தில் பதில் சொன்னது. தங்கள் கார்களை கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட் என்ற ரேசிங் கேமில் ஓட்டலாம், அது சட்டவிரோதத் தெருப்பந்தயத்தை ஊக்குவிப்பதில்லை என்பதுதான் அந்தப் பதில். கேமின் கதை எப்படிப்பட்டது என்பதும் ஒரு காரின் வருகையைத் தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. போலீஸ் துரத்தலும் இரவுத் தெருப்பந்தயமும் மையமாக உள்ள கேம் என்றால் ஒன்றிரண்டு பெரிய பெயர்கள் விடுபட வாய்ப்பு உண்டு என்று முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஹொரைசன் தொடரில் பந்தயம் ஒரு திருவிழாவாக நடக்கிறது, துரத்த போலீஸ் கிடையாது. ஹொரைசன் 5ல் டொயோட்டாவின் சாலைக் கார்கள் முதல் நாளிலிருந்தே இருந்தன. ஜப்பானைக் களமாகக் கொண்ட ஆறாம் பாகத்தில் டொயோட்டா இல்லாமல் போகும் என்று கவலைப்பட வேண்டியதில்லை என்பது எங்கள் கணிப்பு.

இன்னொரு தடை, ஒரே கேம் நிறுவனத்துக்கு மட்டும் கொடுக்கப்படும் தனி உரிமம். 2000ல் தொடங்கி 2016 இறுதி வரை போர்ஷேயின் கேம் உரிமம் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனத்தின் வசம் மட்டுமே இருந்தது. மற்ற நிறுவனங்கள் அவர்களிடம் துணை உரிமம் கேட்டு வாங்க வேண்டும். 2011 அக்டோபரில் ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 4 போர்ஷே இல்லாமலே வெளிவந்ததும், 2012 மே மாதம் அது தனி விரிவாக்கப் பொதியாக விற்கப்பட்டதும் இதனால்தான். கிரான் டூரிஸ்மோவில் நீண்ட காலம் போர்ஷேக்குப் பதில் ரூஃப் நின்றது. ரூஃப், போர்ஷே உடற்கூட்டின் மேல் தன் சொந்த வண்டியைக் கட்டும் ஜெர்மன் நிறுவனம். அந்நாட்டில் தனி உற்பத்தியாளராகவே அங்கீகாரம் பெற்றது என்பதால் தன் உரிமத்தைத் தானே கொடுக்க முடிந்தது. தனி உரிமம் முடிந்த மறு ஆண்டே, 2017ல், கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டிலும் ப்ராஜெக்ட் கார்ஸ் 2லும் போர்ஷே வந்துவிட்டது. ஒரு புதிய கேமில் அசல் நிறுவனம் காணாமல் அதன் கார்களை மாற்றியமைத்து விற்கும் ட்யூனர் நிறுவனம் மட்டும் தென்பட்டால், அசலுக்கான பேச்சு முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பந்தயக் கார் என்றால் உரிமம் பல அடுக்கு

சாலைக் காருக்குத் தயாரிப்பாளர் ஒருவரின் சம்மதம் போதும். பந்தய வண்டிக்கு அது போதாது. அணியின் பெயர், உடலில் ஒட்டிய ஸ்பான்சர் லோகோக்கள், டயர் நிறுவனம், பந்தயத் தொடரின் அமைப்பு என ஒவ்வொருவரும் தலையசைக்க வேண்டும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி ஓட்டியது போர்ஷே 911 ஜிடி3 கப். அந்தக் காரின் 992 தலைமுறை மாடல் ஐரேசிங், அசெட்டோ கோர்ஸா காம்பெட்டிசியோனே ஆகிய இரண்டு ரேசிங் கேம்களிலும் இருக்கிறது. அந்த அணியின் நிறமும் எழுத்தும் கேமோடு வர வேண்டுமென்றால் அது வேறு ஒப்பந்தம். அதனால்தான் காரைக் கேம் நிறுவனம் கொடுக்க, வண்ணப்பூச்சை ரசிகர்கள் வரைந்து பகிர்ந்துகொள்கிறார்கள். பந்தய வண்டிகள் உங்களுக்கு முக்கியம் என்றால், கேமில் லிவரி எடிட்டர், அதாவது காரின் வண்ணப்பூச்சை நாமே வரையும் கருவி உண்டா, மற்றவர்கள் வரைந்ததைத் தரவிறக்க முடியுமா என்று பாருங்கள். கார் பட்டியலுக்குச் சமமான எடை இந்தக் கேள்விக்கு உண்டு. பழைய பந்தய வண்டிகளில் இன்னொரு சிக்கல், சிகரெட் விளம்பரம். பெயரை அழித்துவிட்டு வெறும் பட்டையும் நிறமுமாகக் காட்டுவதே வழக்கம்.

பந்தயத் தொடரின் உரிமம் கை மாறினால் ஒரு கேம் தொடரே நின்றுபோகும். உலக ரேலி சாம்பியன்ஷிப் உரிமம் 2022 வரை நேகான் வெளியிட்ட கேம்களிடம் இருந்தது. 2023ல் கோட்மாஸ்டர்ஸ் செய்த கேமுக்குப் போனது. 2025ல் அந்தக் கேமின் மேம்பாடும் நிறுத்தப்பட்டது.

ஓடுதளத்துக்கும் இதே விதிதான். நொய்டா அருகே உள்ள புத் சர்க்யூட்டில் ஃபார்முலா 1 நடந்தது 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகள். கோட்மாஸ்டர்ஸின் ஃபார்முலா 1 கேம்களிலும் அது அந்த மூன்று ஆண்டுப் பதிப்புகளில்தான் இருந்தது. 2014 பதிப்பில் இல்லை. மொனாக்கோ தெருக்களை கிரான் டூரிஸ்மோவில் கோட் டா'ஜூர் என்ற பெயரில் ஓட்டியவர்களுக்கு இன்னொரு வழியும் தெரிந்திருக்கும். பெயரை வாங்க முடியாவிட்டால் வளைவுகளை மட்டும் வைத்துக்கொள்வார்கள். ஆகவே ட்ரெய்லரில் பழக்கமான தளத்தைப் பார்த்தால் பெயர்ப் பலகையையும் சேர்த்துப் பாருங்கள்.

பட்டியல் தயாரிக்கும் முறை

ஒரு விரிதாளைத் திறந்து, உங்களுக்கு வேண்டிய கார்களை 15 முதல் 20 வரை எழுதுங்கள். அதற்கு மேல் வேண்டாம். நூறு காரை எழுதினால் எதையும் சரியாகச் சோதிக்க மாட்டீர்கள். ஒவ்வொரு காருக்கும் எதிரே நான்கு நிலைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும்: அதிகாரப்பூர்வப் பட்டியலில் பெயர் வந்தது, விளையாட்டுக் காட்சியில் லோகோவோடு தெரிந்தது, நிறுவனத்தின் பெயர் மட்டும் உறுதி, எதுவும் இல்லை.

இனி ட்ரெய்லர். யூடியூபில் தரத்தை 2160பிக்கு வைத்து, கடைசிப் பகுதிக்குப் போய் நிறுத்துங்கள். கணினியில் பார்ப்பவர்கள், வீடியோ நின்றிருக்கும்போது கமா விசையையும் முற்றுப்புள்ளி விசையையும் அழுத்தினால் ஒவ்வொரு ஃப்ரேமாகப் பின்னும் முன்னும் நகரலாம். லோகோக்களுக்குக் கீழே, வணிகச் சின்னங்கள் யாருடையவை, யாருடைய அனுமதியோடு பயன்படுத்தப்படுகின்றன என்று வெளிறிய நிறத்தில் சில வரிகள் ஓடும். ஸ்டீம், எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் கடைப் பக்கங்களின் அடியிலும் இதேபோன்ற வரிகள் இருக்கும், பெரும்பாலும் ட்ரெய்லரில் உள்ளதைவிட நீளமாக. அங்கே பெயர் வந்துவிட்டால் அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் முடிந்தது என்று அடித்துச் சொல்லலாம். பெயர் வரவில்லை என்பதை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வர முடியாது. பல சமயம் அந்த ட்ரெய்லரில் காட்டிய கார்களுக்கு உரியவர்களின் பெயரை மட்டும் போட்டிருப்பார்கள். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல்தான் "ஃபெராரி இல்லையாம்" என்ற வதந்தி ஒவ்வொரு முறையும் கிளம்புகிறது.

அடுத்து காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முன்மூக்கு, சக்கரத்தின் நடுமூடி, ஸ்டீயரிங் நடு ஆகிய மூன்று இடங்களில் லோகோ இருக்கிறதா? மூன்றும் இருந்தால் அது உரிமம் பெற்ற, ஓட்டக்கூடிய கார். சாலையோரம் நிற்கும் கார், எதிரே வரும் போக்குவரத்துக் கார் ஆகியவற்றில் பெரும்பாலும் லோகோ இருக்காது, வடிவமும் எந்த நிறுவனத்தையும் நேராகக் குறிக்காது. அவற்றைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். மூலையில் உள்ள எச்சரிக்கை வரியையும் படியுங்கள். விளையாட்டுக்குள் பிடித்த காட்சி என்று இருந்தால் நம்பலாம். முடிவடையாத பதிப்பிலிருந்து எடுத்தது என்றோ, கேமின் எஞ்சினில் உருவாக்கியது என்றோ இருந்தால் அது இயக்குநர் அமைத்த காட்சி. கார் நிஜமாக இருக்கலாம், ஆனால் அந்தக் கேமரா கோணமும் மழைத்தெறிப்பும் உங்கள் திரையில் அப்படியே வருமா என்பது தனிக் கேள்வி.

பழைய கேமோடு ஒப்பிடும்போது பெரும்பாலோர் செய்யும் பிழை, அதன் இன்றைய பட்டியலை எடுத்துக்கொள்வது. ஹொரைசன் 5ல் இன்று உள்ள கார்களின் எண்ணிக்கை பல ஆண்டுப் புதுப்பிப்புகளும் பொதிகளும் சேர்ந்து வந்தது. புதிய கேமின் முதல் நாளை அதன் முதல் நாளோடுதான் ஒப்பிட வேண்டும். எந்தெந்த நிறுவனங்கள் உண்டு என்பதற்கு மட்டும் கடைசிப் பட்டியலைப் பாருங்கள், ஏனென்றால் இடையில் கையெழுத்தான ஒப்பந்தங்கள் அதில்தான் தெரியும்.

கோப்புகளைத் தோண்டி எடுத்த பட்டியல் என்று சுற்றி வருவதைக் கடைசி நிலைக்குத் தள்ளுங்கள். பழைய கேமின் கோப்புப் பெயர்கள் புதியதிலும் அப்படியே தங்கிவிடுவது சாதாரணம். பெயர் இருப்பதால் உரிமம் இருக்கிறது என்று ஆகாது.

எண்ணிக்கையில் மயங்க வேண்டாம்

500 கார், 700 கார் என்ற விளம்பர எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது கையைக் கடிக்கும். 2010ல் வந்த கிரான் டூரிஸ்மோ 5ல் 1,000க்கும் மேற்பட்ட கார்கள். அவற்றில் புதிதாக, உட்புறத்தோடு முழுமையாகச் செய்யப்பட்டவை சுமார் 200தான். மீதி ஏறக்குறைய 800 கார்கள் பிஎஸ்2 காலத்து மாடல்களைத் துடைத்து மெருகேற்றி வைத்தவை. ஒரே நிஸ்ஸான் ஸ்கைலைனும் ஒரே மாஸ்டா எம்எக்ஸ்-5ம் சின்னச் சின்ன வேறுபாட்டோடு பக்கம் பக்கமாக நின்றன.

விளம்பர எண்ணிலிருந்து மூன்றைக் கழியுங்கள். ஒரே மாடலின் கிளை வகைகள், பணம் கொடுத்து வாங்க வேண்டிய பொதிகளில் உள்ளவை, வெளியீட்டுக்குப் பின் வருவதாகச் சொன்னவை. மிஞ்சுவதுதான் முதல் நாள் கராஜ். இன்றைய தரத்தில் ஒரு காரைக் கச்சிதமாகச் செய்ய ஒரு கலைஞருக்கு ஆறு மாதத்துக்கும் மேல் ஆகலாம். புதிய காருக்குத் தயாரிப்பாளரே வடிவமைப்புக் கோப்புகளைத் தருவார். பழைய காரென்றால் நல்ல நிலையில் உள்ள ஒரு வண்டியைத் தேடிப் பிடித்து, லேசர் ஸ்கேன் செய்து, நூற்றுக்கணக்கில் படமெடுத்து, எஞ்சின் ஒலியையும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். செய்து முடித்ததைத் தயாரிப்பாளர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். மேடையில் இன்று அறிமுகமான சூப்பர் கார் அடுத்த மாதக் கேமில் வருகிறதென்றால், ஒப்பந்தம் வெகு முன்பே முடிந்து இருதரப்பும் சேர்ந்து திட்டமிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மாற்றுப் பாகங்களும் இதே கணக்குதான். சக்கரத்துக்கு ரேய்ஸ் (Rays), பிபிஎஸ். அகல உடற்கிட்டுக்கு லிபர்ட்டி வாக், ராக்கெட் பன்னி. ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம். ஜப்பானியக் கார்ப் பண்பாட்டை மையமாக வைத்த கேமில் இந்தப் பெயர்களைத் தேடுவது கார் பெயர்களைத் தேடுவதைப் போலவே முக்கியம். உங்கள் காருக்கு உடற்கிட் உண்டா என்பது எந்தக் கார்ப் பட்டியலிலும் இருக்காது. கராஜ் காட்சியில் அந்தக் கார் வரும்போது நிறுத்திப் பார்ப்பது ஒன்றே வழி.

எந்த வசதியை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

நிஜக் கார்கள் நிறைந்த கேமில் கார் சப்பையாக நொறுங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பல தயாரிப்பாளர்கள் ஒப்பந்தத்திலேயே சேதத்துக்கு எல்லை போடுகிறார்கள். பம்பர் தொங்கலாம், கண்ணாடி விரியலாம். பயணி அமரும் கூடு நசுங்கக் கூடாது, தீப்பற்றக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள். பீம்என்ஜி டிரைவ் என்ற கேமில் காரின் உலோகம் மடங்கி முறுகுவதைக் காட்ட முடிவதற்கு, அதன் கார்கள் எல்லாம் சொந்தமாக வடிவமைத்த கற்பனை வண்டிகள் என்பதும் ஒரு காரணம். பர்ன்அவுட் பாரடைஸ், ரெக்ஃபெஸ்ட் ஆகியவையும் அப்படித்தான். மோதி நொறுக்குவதுதான் உங்களுக்கு இன்பம் என்றால் உரிமக் கார்கள் இல்லாத கேமையே தேடுங்கள். நிஜக் கார், முழுச் சேதம் இரண்டும் ஒரே கேமில் கிடைப்பது அரிது.

மற்ற வசதிகளுக்கு ஒரே சோதனை: கடைப் பக்கத்தின் வசதிப் பட்டியலில் இருக்கிறதா? பேட்டியில் சொன்னது, சமூக வலைத்தளத்தில் ஊழியர் ஒருவர் கோடி காட்டியது எல்லாம் பணம் கொடுப்பதற்கான ஆதாரம் அல்ல. ஸ்டீம் பக்கத்தின் வலது ஓரத்தில் ஒற்றை ஆட்டம், இணைய ஆட்டம், ஒரே திரையைப் பகிர்ந்து ஆடுவது, கண்ட்ரோலர் ஆதரவு என ஒவ்வொன்றும் தனியாகப் பட்டியலிடப்பட்டிருக்கும். வீட்டில் அண்ணன் தம்பி சேர்ந்து ஆடுகிறவர்கள் பகிர்திரை வரியை முதலில் பாருங்கள். ஹொரைசன் 5லும் 2023ல் வந்த ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்டிலும் அது கிடையாது. கிரான் டூரிஸ்மோ 7ல் உண்டு. முதலில் இருவருக்கு, 2023 நவம்பர் புதுப்பிப்புக்குப் பின் பிஎஸ்5ல் நால்வர் வரை.

பின்னால் வந்து சேரும் வசதிகளும் உண்டு, அதையும் மறுக்க முடியாது. 2017 அக்டோபரில் கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட் வெளிவந்தபோது தனியாக ஆடுபவர்களுக்கு அதில் அதிகம் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் ஜிடி லீக் என்ற தனி ஆட்டப் பகுதி இலவசமாகச் சேர்க்கப்பட்டது. கார்களும் தொடர்ந்து கூடி 300ஐத் தாண்டின. காத்திருக்கத் தயாரானவருக்கு அது நல்ல கேம். முதல் நாளில் முழு விலை கொடுத்துத் தனியாக ஆட நினைத்தவருக்கு அப்படி இல்லை.

ஸ்டீயரிங் வீல் வைத்திருப்பவர்கள் மாடல் எண்ணைச் சரிபாருங்கள். லாஜிடெக் ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் பிசிக்கும் உரியது, எக்ஸ்பாக்ஸில் வேலை செய்யாது. ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கும் பிசிக்கும் உரியது, பிளேஸ்டேஷனில் வேலை செய்யாது. ஜி923 இரண்டு வகைகளில் விற்கிறது. பெட்டியில் எந்தக் கன்சோலின் பெயர் இருக்கிறதென்று பார்த்தே வாங்க வேண்டும். ஹொரைசன் 6 முதலில் எக்ஸ்பாக்ஸுக்கும் பிசிக்கும் வருவதால், ஜி29 வைத்திருப்பவர் பிசியில் ஆடலாம் அல்லது பிஎஸ்5 பதிப்புக்குக் காத்திருக்கலாம். அதை எக்ஸ்பாக்ஸில் செருகிப் பார்த்துப் பயனில்லை.

பிசியில் இடத்தையும் கணக்கிடுங்கள். ஹொரைசன் 5க்கே ஸ்டீம் கேட்பது 110 ஜிபி. அடுத்த பாகத்துக்கு அதைவிடக் குறைவாக ஒதுக்காதீர்கள். எஸ்எஸ்டி எனும் வேகமான சேமிப்பகத்திலேயே நிறுவுங்கள். வன்வட்டில் வைத்து வேகமாக ஓட்டும்போது, முன்னே உள்ள சாலையும் கட்டடமும் படிக்கப்பட்டு வருவதற்குள் கார் அங்கே போய்விடும், காட்சி திக்கும்.

பிஎஸ்5க்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஹொரைசன் 5 பிஎஸ்5க்கு வந்தது 2025 ஏப்ரலில். அதை ஆட மைக்ரோசாஃப்ட் கணக்கும் இணைக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் சேர்த்த முன்னேற்றமும் கார்களும் அங்கே வந்து சேரவில்லை. எனவே ஆறாம் பாகத்தை எக்ஸ்பாக்ஸில் தொடங்கிப் பிறகு பிஎஸ்5ல் தொடரலாம் என்று திட்டமிடுபவர்கள், சேமிப்பு மாற்றம் உண்டு என்ற அறிவிப்பை எழுத்தில் பார்த்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.

எந்தப் பதிப்பு, எப்போது

விலை உயர்ந்த பதிப்புகளில் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் இன்னும் செய்யப்படாத பொருள். ஹொரைசன் 5ன் கார் பாஸ் வாரம் ஒன்றாக 42 கார்களைக் கொடுத்தது. பிரீமியம் பதிப்பு இரண்டு விரிவாக்கங்களையும், 4 நாள் முன்னதாக ஆடும் வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்தது. அந்த விரிவாக்கங்கள் வந்தது 2022 ஜூலையிலும் 2023 மார்ச்சிலும். கேம் வெளிவந்தது 2021 நவம்பர். முதல் வாரத்தில் கூடுதல் பணம் கட்டியவர் இரண்டாவது விரிவாக்கத்தைப் பார்க்க ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தார். உங்கள் பட்டியலில் உள்ள கார்கள் அடிப்படைப் பதிப்பிலேயே இருக்கின்றன என்றால் அதையே வாங்கி, விரிவாக்கம் வந்ததும் தனியாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. விலை வித்தியாசத்தைத் தள்ளுபடிக் காலம் பெரும்பாலும் அழித்துவிடும்.

முன்பதிவு செய்தே தீருவேன் என்பவர்கள் பணத்தைத் திருப்பி வாங்கும் விதியைப் படித்துவிடுங்கள். ஸ்டீமில் முன்பதிவை வெளியீட்டு நாள் வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். வெளியான பிறகு 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். முன்னதாக ஆடும் நாட்களில் ஓடிய நேரமும் அந்த 2 மணியில் சேரும். 2024 ஏப்ரலில் இந்த விதியைத் தெளிவாக்கிவிட்டார்கள். ரேசிங் கேமில் தொடக்கக் காட்சி, அமைப்புகள், வீல் சரிசெய்தல் இவற்றிலேயே முக்கால் மணி நேரம் கரையும். எனவே முதலில் கார் கடைக்குள் போய் உங்கள் பட்டியலை ஒத்துப் பாருங்கள், பிறகு செயல்திறன் சோதனை, அதன் பிறகு பந்தயம். பிளேஸ்டேஷன் கடையில் தரவிறக்கம் தொடங்கிவிட்டாலே திருப்புவது கடினம். முன்பதிவு செய்த கேம் தானாக இறங்கும் அமைப்பை அணைத்து வையுங்கள்.

வாங்கிய கேம் எவ்வளவு காலம் இருக்கும்

உரிமத்துக்கு முடிவு நாள் உண்டு என்பதால் கேம் விற்பனைக்கும் முடிவு நாள் உண்டு. ஃபோர்ஸா ஹொரைசன் முதல் பாகம் 2012 முதல் 2016 வரை, இரண்டாவது 2014 முதல் 2018 வரை, மூன்றாவது 2016 முதல் 2020 வரை, மோட்டார்ஸ்போர்ட் 7 2017 முதல் 2021 வரை விற்றது. நான்கு ஆண்டு என்ற அச்சு தெளிவாகத் தெரியும். ஹொரைசன் 4 மட்டும் ஆறு ஆண்டைத் தாண்டி 2024 டிசம்பர் 15 வரை நீடித்தது. ப்ராஜெக்ட் கார்ஸ் முதல் இரண்டு பாகங்களும் 2022ல் கார், ஓடுதள உரிமங்கள் முடிந்ததால் கடையிலிருந்து எடுக்கப்பட்டன. இப்படி விற்பனை நின்றாலும், ஏற்கெனவே வாங்கியவர் தரவிறக்கி ஆடலாம். ஆனால் கூடுதல் பொதிகளின் விற்பனை முன்னதாகவே நிற்கலாம். ஹொரைசன் 4ல் அது 2024 ஜூன் 25லேயே நின்றது. கேமுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே என்று இருந்தவர்களுக்கு அடிப்படைக் கேம் மட்டும் கிடைத்தது.

சர்வரை நம்பியே ஓடும் கேமில் நிலைமை இன்னும் மோசம். யூபிசாஃப்ட் நிறுவனத்தின் தி க்ரூ என்ற ரேசிங் கேம் 2014ல் வந்தது. தனியாக ஆடினாலும் இணைய இணைப்பு வேண்டும் என்ற அமைப்பு. சர்வர் கட்டமைப்பையும் உரிமக் கட்டுப்பாடுகளையும் காரணம் காட்டி 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். டிஸ்க் வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் கேம் ஓடவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒரே நாளில் வெறும் வட்டாகிப்போனது பெரிய அநியாயம். அதை எதிர்த்து எழுந்த ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம் கேட்பது நியாயமானது: விற்பனையை நிறுத்துங்கள், ஆனால் விற்றதைச் செயல்படும் நிலையில் விட்டுவிட்டுப் போங்கள். இது செய்ய முடியாத காரியமும் இல்லை. கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டின் சர்வர் 2024 ஜனவரி 31ல் நின்றபோது, அதற்கு முன்பே வந்த புதுப்பிப்பால் பெரும்பகுதியை இணையம் இல்லாமல் ஆட முடிந்தது.

சர்வர் நிரந்தரமாக மூடும்வரைகூடப் போக வேண்டாம். கிரான் டூரிஸ்மோ 7க்கு 2022 மார்ச்சில் வந்த 1.07 புதுப்பிப்பில் கோளாறு ஏற்பட்டு, 30 மணி நேரத்துக்கு மேல் சர்வர் முடங்கியது. தனியாக ஆடும் பகுதிக்கும் இணைப்பு கட்டாயம் என்பதால் யாராலும் கராஜுக்குள்கூட நுழைய முடியவில்லை. முன்பதிவுக்கு முன் கடைப் பக்கத்தில் இணைய இணைப்பு பற்றிய வரியைத் தேடுங்கள். இணைய ஆட்டத்துக்கு மட்டும் தேவை என்றால் கவலை இல்லை. ஆடுவதற்கே தேவை என்றால், மின்சாரமும் பிராட்பேண்டும் அடிக்கடி போகும் ஊரில் இருப்பவர் அதை விலையோடு சேர்த்தே எடை போட வேண்டும்.

கடையிலிருந்து எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்துவிட்டால் செய்ய வேண்டியது இது. விரிவாக்கங்களையும் கார் பொதிகளையும் அறிவிப்பு வந்த வாரமே வாங்குங்கள். பெரும் தள்ளுபடி அநேகமாக அப்போதே தொடங்கிவிடும். பெட்டிப் பதிப்புகளோடு வந்த தரவிறக்கக் குறியீடுகளை (code) உடனே கணக்கில் ஏற்றுங்கள், காலாவதியான பின் அவை பயன்படாது. கேமை ஒருமுறை முழுமையாகத் தரவிறக்கி, எல்லாப் புதுப்பிப்பும் ஏறிய நிலையில் வெளி எஸ்எஸ்டி ஒன்றில் நகல் வையுங்கள். பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை இயக்கிப் பாருங்கள். எந்தக் கார், எந்தப் பகுதி திறக்கவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். கடை திறந்திருக்கும்போதே ஆதரவுப் பிரிவுக்கு எழுதிக் கேட்கலாம்.